பளு மிகுங்கால் அணைந்தெழும் கணினி

கணினிக்கு வரும் நோய்களுட் பல, நோயாளி தானே வாய்திறந்து கூறும் தன்மையன. நீலத்திரை தோன்றும், அதன்கண் ஏதேனும் ஓர் எண் காணப்படும், அதனைக் கொண்டு ஒருவாறு ஊகிக்கலாம். ஈண்டு யாம் கூறப்புகுந்த நோயோ அத்தகையதன்று. கடிதம் எழுதுங்கால் கணினி நலமாயிருக்கும். படம் பார்க்குங்காலும் நலமாயிருக்கும். பெரிய விளையாட்டொன்றைத் தொடங்கிக் கால்மணி நேரம் சென்றபின், ஒரு சொல்லும் சொல்லாது திரை இருண்டு, தானே மீண்டும் முதலிலிருந்து எழும்.

விடுதி மாணாக்கர் ஒருவர் இந்நோயுற்ற கணினியை எம்மிடம் கொணர்ந்தார். அவர்தம் அன்னையார் சீட்டுப் பணம் எடுத்துக் கொடுக்க, உறுப்புறுப்பாக வாங்கித் தாமே பூட்டியது அது. கடைக்காரர் ஒருவர் சிறிது நேரம் பார்த்துவிட்டு, "கிராபிக்ஸ் கார்டு போய்விட்டது, தம்பி, வந்த விலைக்குத் தள்ளிவிட்டு வேறு வாங்கிக்கொள்" என்றாராம். அக் கார்டின் விலையோ ஏனைய உறுப்புக்கள் அனைத்தின் விலைக்கும் ஏறக்குறைய ஒத்தது. விளையாட்டு மட்டுமாயின் விட்டுவிடலாம். அவருடைய இறுதியாண்டு ஆய்வுப்பணிக் கணக்குகளும் அதே கார்டின்மேல் ஓடி, இடையிடையே அறுந்துகொண்டிருந்தன.

முதற்கண் விண்டோஸ் எழுதிவைக்கும் நிகழ்ச்சிக் குறிப்பைப் பார்த்தோம். 'கர்னல்-பவர் 41' என்னும் குறிப்பு வரிசையாக நின்றது. 'பவர்' என்னும் சொல்லைக் கண்டவுடனே மின்சாரக் கோளாறு என்று துணிவார் பலர். அது தவறு. கணினி முறைப்படி மூடப்படாமல் நின்றுபோயிற்று என்பதன்றி அக்குறிப்பு வேறொன்றும் கூறுவதில்லை. திருட்டு நடந்த மறுநாட் காலையில் "கதவு திறந்து கிடந்தது" என்று காவற்காரன் எழுதிவைத்தாற் போன்றது. ஆயினும் அதனுள் 'பக்செக் கோடு' என ஓர் எண் உண்டு. அது 0 ஆயின், விண்டோஸ் தன் முடிவைத் தானே உணரவும் நேரமில்லாமற் போயிற்று என்று பெரும்பாலும் கொள்ளலாம். எம் கணினியில் 0 என்றே இருந்தது. பிழை நேர்ந்தாற் கணினி தானே மறுதொடக்கம் செய்க என்னும் அமைப்பையும் நீக்கிவிட்டோம். நீலத்திரை தோன்றிக் கண்ணிமைப்பதற்குள் மறைந்துபோதலும் உண்டன்றோ?

வெப்பம் என்பது எல்லோரும் முதலிற் கூறும் காரணம். அளந்து பார்க்கையில், விளையாட்டின் நடுவே பிராசஸர் 81 பாகையும் கார்டு 72 பாகையும் காட்டின. இக்காலத்துப் பிராசஸர்கள் 95 அல்லது 100 பாகையை அணுகுங்கால் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்வன. அதற்கும் மேற்சென்றால் கணினி பெரும்பாலும் அணைந்தே கிடக்கும், உடனே எழாது. தூசியைத் துடைத்தோம், பயனில்லை. நினைவகத்தின் மிகைவேக அமைப்பாகிய எக்ஸ்எம்பியை நீக்கி, மெம்டெஸ்ட்86 கொண்டு ஓரிரவு சோதித்தோம். பிழையொன்றும் இல்லை.

பின்னர் நிகழ்ந்ததே எம்மைத் திகைக்கச் செய்தது. பிராசஸருக்கு மட்டும் முழுப்பளு அரைமணி நேரம் கொடுத்தோம், கணினி அசையவில்லை. கார்டுக்கு மட்டும் கொடுத்தோம், அப்போதும் அசையவில்லை. விளையாட்டைத் தொடங்கினோம், பன்னிரண்டு நிமிடத்தில் அணைந்தெழுந்தது! ஒரே சீராக நிற்கும் பளுவைத் தாங்குவது, ஏறி இறங்கும் பளுவைத் தாங்கவில்லை என்பது தெளிவாயிற்று.

இதன் காரணத்தைச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். அக் கார்டு கொள்ளும் மின்திறன் 320 வாட்; பிராசஸரும் பிறவும் சேரின் ஏறத்தாழ 500 வாட். மின்வழங்கியோ 650 வாட் தரவல்லது. கணக்கு சரியே. ஆனால் 320 என்பது சராசரி. காட்சி மாறுந்தோறும் இத்தகைய கார்டு, ஒரு விநாடியில் ஆயிரத்திலொரு கூற்றினும் குறைந்த நேரத்திற்கு, அதன் இருமடங்கையும் அணுகக்கூடும். சாதாரண வாட் மானி இதனைக் காட்டாது. அந்நொடியில் 12 வோல்ட் அழுத்தம் எல்லைக்குக் கீழ்த் தாழ்ந்தால், "மின்சாரம் நலம்" என்று மின்வழங்கி மதர்போர்டுக்கு இடையறாது அனுப்பும் அடையாளம் அறுபடும். மதர்போர்டு பிராசஸரை நிறுத்தி, அடையாளம் மீண்டவுடன் புதிதாகத் தொடங்கும். நீலத்திரைக்கு அங்கே இடமேது? இத்தொல்லை பெருகியமையால், இன்டெல் நிறுவனம் 2022இல் வெளியிட்ட ஏடிஎக்ஸ் 3.0 விதியில், புதிய உயர்மின் இணைப்பியுடைய பெரிய மின்வழங்கிகள் தம் அளவின் இருமடங்கை 100 மைக்ரோவிநாடி தாங்கவேண்டும் என்று வகுக்கப்பட்டது.

ஊகத்தைச் சோதிக்கப் பணம் வேண்டியதில்லை. மென்பொருள் ஒன்றினால் கார்டின் மின்வரம்பை 70 விழுக்காடாகக் குறைத்தோம். இரண்டு மணி நேரம் கணினி அணையவில்லை. எனினும் நலிந்த கார்டும் பளு குறைந்தால் அமைதியுறக்கூடும். ஆதலின் இவ்வளவில் அதனைக் குற்றமற்றது என்று விடுவித்தல் ஆகாது.

அடுத்து யூபிஎஸ். 600 விஏ என எழுதிய சிறு யூபிஎஸ்கள் ஏறத்தாழ 360 வாட்டே தருவன; அவற்றின்மேல் இத்தகைய கணினியைப் பூட்டுதல் கன்றின்மேல் வண்டிப்பாரம் ஏற்றுவதாம். அதனை நீக்கிச் சுவரிலேயே இணைத்தோம். இருதலையுடைய ஒரே கம்பியினால் கார்டுக்கு மின்சாரம் ஊட்டியிருந்ததை மாற்றி, இரு தனிக் கம்பிகள் பூட்டினோம். இவற்றால் இடைவெளி நாற்பது நிமிடமாக நீண்டது, நோய் தீரவில்லை.

இறுதியில், பக்கத்து அறை நண்பர் தம் 850 வாட் மின்வழங்கியை இரவல் தந்தார். இவ்விடத்து ஓர் எச்சரிக்கை. மின்வழங்கியை மாற்றுவோர் அதன் கம்பிகளையும் சேர்த்தே மாற்றல் வேண்டும். முனைகள் ஒத்துப் பொருந்தினும், மின்வழங்கிப் பக்கத்து ஊசிகளின் வரிசை ஒவ்வொரு நிறுவனத்திற்கும் வேறுபடும். பழைய கம்பியை விட்டுவைத்தால் வட்டுக்கள் கருகிப்போகலாம். பழைய மின்வழங்கியைத் திறந்து பார்க்கும் ஆவலும் எழும், அதனை அடக்குக. மின்தொடர்பை நீக்கிய பின்னரும் அதனுள்ளிருக்கும் மின்தேக்கிகள் உயிர்க்கு ஊறு செய்யும் மின்னூட்டத்தைச் சிறிது நேரம் தாங்கியிருக்கும்.

மூன்று மாலைகள் முழுவரம்பில் விளையாடிப் பார்த்தார். கணினி ஒருமுறையும் அணையவில்லை. பழையதை மீண்டும் பூட்டினோம். இருபது நிமிடத்தில் அணைந்தெழுந்தது. கார்டு விற்கப்படாமல் தப்பிற்று. இரவலைத் திருப்பிக்கொடுத்துவிட்டு, புதியது வாங்கப் பணம் சேரும்வரையில் அம்மாணாக்கர் 70 விழுக்காட்டிலேயே கணினியை ஓட்டினார். ஆய்வுப்பணிக் கணக்குகள் சற்றுத் தாமதித்தன; ஆயினும் இடையில் அறாமல், ஏட்டை ஒப்படைக்கும் நாளுக்கு நான்கு நாள் முன்னரே முடிந்தன.