தொட்டிலும் லேப்டாப்பும்



திருமணமாகி ஓரிரு ஆண்டுகள் கடந்த இளம் தம்பதியர் ஜெபத்திற்காக வரும்போது, இந்நாட்களில் ஒரு புதிய விண்ணப்பத்தையும் உடன் கொண்டுவருகிறார்கள். "பாஸ்டர், இப்போது முழுவதும் வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். வேறொரு நிறுவனத்தில் நல்ல வேலை வந்திருக்கிறது. ஆனால் வாரத்தில் மூன்று நாள் அலுவலகத்திற்குப் போகவேண்டும். குழந்தைக்காகக் காத்திருக்கிற இந்த நேரத்தில் மாறலாமா, வேண்டாமா?" என்பதே அது.

2020 மார்ச் ஊரடங்கில் வீட்டு மேஜைக்கு வந்த அலுவலகம், பல வீடுகளில் இன்னும் அங்கேயே இருக்கிறது. பெங்களூரிலும் புனேயிலும் ஹைதராபாத்திலும் வசிக்கும் நம் பிள்ளைகளுக்கு இது அன்றாடக் கேள்வி. கோபுரம் கட்டப் புறப்படுகிறவன் முன்னதாகவே செலவைக் கணக்கிடவேண்டும் என்று ஆண்டவர் போதித்தார் அல்லவா? இந்தக் கணக்கையும் அவ்விதமே நிதானமாய்ப் பார்ப்போம்.

முதற் கேள்வி எது?

"வீடா, அலுவலகமா?" என்றுதான் அநேகர் தொடங்குகிறார்கள். அது இரண்டாம் கேள்வி. வேலை நேரத்தில் குழந்தை யார் கையில் இருக்கும் என்பதே முதற் கேள்வி.

வீட்டிலிருந்து வேலை செய்கிறவள் வீட்டில் சும்மா இருக்கிறவள் அல்ல. ஆறு மாதக் குழந்தை பசிக்கும் நேரத்தையும் மேலாளர் கூட்டம் வைக்கும் நேரத்தையும் யாராலும் ஒத்துப்போகச் செய்ய முடியாது. மோசேயின் தாய்க்குத் தன் சொந்தப் பிள்ளையை வளர்ப்பதற்கே கூலி கிடைத்தது. நம் சகோதரிகளுக்கோ கூலி ஒரு வேலைக்கு, வளர்ப்பு மற்றொரு வேலை. இரண்டையும் ஒரே அறையில், ஒரே நேரத்தில், ஒருத்தியே செய்யவேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமல்ல.

திருநெல்வேலியிலிருந்தோ நாகர்கோவிலிலிருந்தோ அம்மா வருவார்கள் என்றால், எத்தனை மாதம் இருப்பார்கள்? அங்கே அப்பாவை யார் கவனிப்பார்கள்? அவர்கள் திரும்பிப்போன மறுநாள் காலை என்ன செய்வீர்கள்? கணவரே, அந்தக் காலை நேரத்தில் உமது பங்கு என்ன? இவற்றிற்குப் பதில் கிடைத்த பின்பு வேலையைக் குறித்துப் பேசலாம்.

வீட்டு வேலை தருவதும் மறைப்பதும்

வீட்டு வேலையின் நன்மைகள் மெய்யானவை. கர்ப்பத்தின் முதல் மாதங்களில் வாந்தியும் மயக்கமுமாயிருக்கும்போது பேருந்தில் நின்றுகொண்டு போகவேண்டியதில்லை. தலைப்பிரசவத்திற்குத் தாய்வீடு போகும் வழக்கமுள்ள நமக்கு இன்னொரு வசதியும் உண்டு. நிறுவனம் அனுமதித்தால், விடுப்பு தொடங்குமுன்பே ஊருக்குப் போய் அங்கிருந்தே வேலையைத் தொடரலாம். ஹைபிரிட் வேலையில் இது கடினம். கடைசி வாரங்களில் நீண்ட பயணம் உகந்ததல்ல, விமான நிறுவனங்களும் மருத்துவரின் சான்று கேட்கும். ஆகவே எப்போது ஊருக்குப் போவது என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் மறைவான குறைகளும் உண்டு. உறவினர் இல்லாத நகரத்தில், காலை முதல் மாலை வரை நான்கு சுவர்களுக்குள், திரையோடு மட்டும் பேசிக்கொண்டிருப்பது மனதைச் சோர்வடையச் செய்யும். பிரசவத்திற்குப் பின் அந்தச் சோர்வு இன்னும் ஆழமாகக்கூடும். மேலும், வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்களில் பலர் நிறுவனத்தின் ஊழியர்கள் அல்ல, ஒப்பந்த ஆலோசகர்கள். மாதந்தோறும் பணம் வருகிறது, ஆனால் சம்பளத்தோடு கூடிய மகப்பேறு விடுப்பு அந்த ஒப்பந்தத்தில் இல்லாதிருக்கலாம். இதைக் கர்ப்பந்தரித்த பின்பு அறிந்துகொள்வது வேதனை.

சட்டம் தருவது என்ன?

1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் 2017-இல் திருத்தப்பட்டபோது, சம்பளத்தோடு கூடிய விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்ந்தது. உயிரோடிருக்கும் பிள்ளைகள் ஏற்கெனவே இருவர் என்றால் 12 வாரம் மட்டுமே. 2025 நவம்பர் 21 முதல் அச்சட்டத்தின் இடத்தில் 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துள்ளது. இவ்வுரிமைகள் அதிலும் தொடர்கின்றன.

வேலை மாற நினைக்கிறவர்கள் கவனிக்கவேண்டிய விதி ஒன்று உண்டு. பிரசவத்திற்குக் குறிக்கப்பட்ட நாளுக்கு முந்தைய 12 மாதங்களில், அந்த நிறுவனத்தில் குறைந்தது 80 நாட்கள் வேலை செய்திருக்கவேண்டும். வாரத்திற்கு ஐந்து நாள் வேலை என்றால் இது 16 வாரம், ஏறக்குறைய நான்கு மாதம். ஏழாம் மாதத்தில் புதிய வேலையில் சேர்ந்தால் இந்தக் கணக்கு எட்டாது. இ.எஸ்.ஐ. திட்டத்தில் உள்ளவர்களுக்கு விதிகள் வேறு. அவர்கள் தனியே விசாரித்துக்கொள்ளவேண்டும்.

26 வாரத்தில் 8 வாரம் வரை பிரசவத்திற்கு முன்பே எடுக்கலாம். அப்படி எடுத்தால் பிரசவத்திற்குப் பின் மீதம் 18 வாரம், அதாவது நான்கு மாதத்திற்குச் சற்று அதிகம். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அப்படியானால் மீதமுள்ள வாரங்களை எப்படி நடத்துவீர்கள்?

விடுப்பு முடிந்தபின், வேலையின் தன்மை இடங்கொடுத்தால், இருதரப்பும் ஒத்துக்கொள்ளும் நிபந்தனைகளின்படி வீட்டிலிருந்து வேலை செய்ய நிறுவனம் அனுமதிக்கலாம். இது தானாய்க் கிடைக்கும் உரிமை அல்ல. எனவே வாய்மொழி வாக்குறுதியோடு நின்றுவிடாமல் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். 50 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பக வசதி இருக்கவேண்டும் என்றும், தாய் ஒரு நாளில் நான்கு முறை குழந்தையைப் பார்க்க அனுமதிக்கப்படவேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. அந்தக் காப்பகத்தை நேரில் போய்ப் பாருங்கள். எத்தனை மாதக் குழந்தையைச் சேர்த்துக்கொள்வார்கள் என்று கேளுங்கள். மருத்துவக் காப்பீட்டில் மகப்பேறு உண்டா, அதற்குக் காத்திருப்புக் காலம் உண்டா என்பதையும் கையெழுத்திடுமுன் விசாரியுங்கள்.

வழியில் செலவாகும் நேரம்

போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி என்றால், வாரம் மூன்று நாளில் ஒன்பது மணி நேரம் சாலையில் கழியும். அது முழு வேலைநாள் ஒன்றுக்கும் அதிகம். பாலூட்டும் தாய்க்கு அது சிறிய காரியம் அல்ல. ஆனால் தூரம் ஒன்றாயிருந்தும் பயணம் வேறாயிருக்கலாம். பெங்களூரில் 2025 ஆகஸ்டில் மஞ்சள் தட மெட்ரோ திறக்கப்பட்ட பின்பு, ஆர்.வி. சாலைப் பக்கமிருந்து எலக்ட்ரானிக் சிட்டிக்குப் போகிறவர்களுக்கு சில்க் போர்டு நெரிசலைத் தவிர்க்கும் வழி உண்டாயிற்று. முடிவெடுக்குமுன், ஒரு திங்கட்கிழமை காலையில் அந்த வழியே ஒருமுறை போய்ப் பாருங்கள்.

ஒரு குடும்பத்தார் செய்தது

நானறிந்த ஒரு சகோதரி ஒப்பந்த முறையில் வீட்டிலிருந்து வேலை செய்துவந்தார். நிரந்தர ஊழியராக ஒரு ஹைபிரிட் வேலை வந்தபோது, "சம்பளம் சற்றுக் குறைவு, அலைச்சல் அதிகம், வேண்டாம்" என்றார் கணவர். இருவரும் ஒரு மாலை உட்கார்ந்து எழுதிப் பார்த்தார்கள். ஆறு மாதம் சம்பளமின்றி இருந்தால் எவ்வளவு இழப்பு, பிரசவச் செலவு எவ்வளவு, யார் எந்த நாளில் குழந்தையைப் பார்ப்பது என்று கணக்கிட்டபோது, ஹைபிரிட் வேலையே மேலாகத் தெரிந்தது. கர்ப்பந்தரிக்குமுன்பே அதில் சேர்ந்தார்கள். அலுவலகத்திற்கு அருகே வீடு மாறினார்கள். அவள் அலுவலகம் போகும் நாட்களில் இரண்டு நாள் தான் வீட்டிலிருந்து வேலை செய்யக் கணவர் தம் மேலாளரிடம் அனுமதி பெற்றார். அவர்கள் வீடு சபைக்குத் தூரமாகிப்போனது எனக்கு வருத்தமே. ஆனாலும் அந்த முடிவு சரி என்றே சொன்னேன். உங்கள் கணக்கு வேறாக இருக்கலாம். நிரந்தர வேலையும் நல்ல மேலாளரும் வீட்டிலேயே அமைந்திருந்தால், அதை விடாதிருப்பதே உங்களுக்கு ஞானமாயிருக்கலாம்.

இன்னும் ஒன்று

பிள்ளைப்பேறு நாம் நாள் குறித்து நடத்தும் காரியம் அல்ல. சிலருக்கு மூன்று மாதத்தில், சிலருக்கு மூன்று ஆண்டில் அந்தச் சந்தோஷம் வருகிறது. எனவே குழந்தை உடனே வந்தாலும், தாமதித்தாலும் தாங்கக்கூடிய ஒரு முடிவை எடுங்கள். இன்னும் உருவாகாத குழந்தைக்காக வேலையை அவசரமாய் விட்டுவிட்டு, பின்பு மாதந்தோறும் வெறும் வீட்டில் கண்ணீரோடிருக்கும் சகோதரிகளும் நம் நடுவில் இருக்கிறார்கள். ஆராதனை முடிந்ததும் அவர்களைப் பார்த்து "ஏதாவது விசேஷம் உண்டா?" என்று கேட்பதைப் பெரியவர்கள் விட்டுவிடுவது நலம்.

இந்த வாரம் கணவனும் மனைவியுமாக உட்காருங்கள். ஒரு தாளை எடுத்து, திங்கள் முதல் வெள்ளி வரை காலை எட்டு முதல் மாலை ஏழு வரை குழந்தை யாரிடம் என்று எழுதுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் மனைவியின் பெயரே வருமானால், வேலையை மாற்றுமுன் அந்தத் தாளை மாற்றுங்கள். பின்பு இருவரும் சேர்ந்து ஜெபித்து, சமாதானத்தோடு முடிவெடுங்கள்.