நோயாளிக்கு மொழியாக நிற்கும் தொண்டு

கண்டி நகரிலும் பேராதனையிலும் அமைந்துள்ள பெரிய அரச வைத்தியசாலைகள் மலையக மக்களின் இறுதிப் புகலிடமாக விளங்குகின்றன. தோட்ட வைத்திய நிலையத்திலோ கிராமிய வைத்தியசாலையிலோ தீர்க்க முடியாத நோய் எதுவாயினும் நோயாளி இறுதியில் கண்டி தேசிய வைத்தியசாலைக்கோ, பேராதனை போதனா வைத்தியசாலைக்கோ, குழந்தையாயின் சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலைக்கோ அனுப்பப்படுகின்றார். 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி கண்டி மாவட்ட மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் தமிழராகவோ முஸ்லிமாகவோ இருந்தனர். இவ்வைத்தியசாலைகளுக்கு நோயாளரை அனுப்பும் நுவரெலியா மாவட்டத்திலோ பாதிக்கு மேற்பட்டோர் தமிழர்கள். ஆயினும் இவ்வைத்தியசாலைகளின் விடுதிகளில் பெரிதும் ஒலிப்பது சிங்களம். மருத்துவக் குறிப்புகள் எழுதப்படுவது ஆங்கிலத்தில்.

பல ஆண்டுகளாக வெளிநாட்டு இளைஞர்கள் கட்டணம் செலுத்தி, கண்டிப் பகுதி வைத்தியசாலைகளில் சில வாரங்கள் தொண்டு அனுபவம் பெற்றுச் செல்கின்றனர். இதற்கென இணையத்தில் விளம்பரம் செய்யும் நிறுவனங்களும் உண்டு. அவர்களது நல்லெண்ணத்தை நாம் குறைகூறவில்லை. எனினும் நோயாளியின் மொழியும் தெரியாது, வைத்தியரின் மொழியும் தெரியாது வருகின்ற ஒருவரால் அவ்விடுதியில் பெரும்பாலும் பார்வையாளராகவே இருக்க முடியும். அங்கு மிகவும் தேவைப்படும் உதவியை, அதாவது இரு மொழிகளுக்கிடையே நின்று பேசும் உதவியை, அக்குறணையிலும் மடவளையிலும் மஹியாவையிலும் கம்பளையிலும் வாழும் நம் இளைஞர்கள் செலவெதுவுமின்றி வழங்க முடியும். தமிழும் சிங்களமும் ஒருங்கே அறிந்த பல்லாயிரவர் இப்பகுதியில் உள்ளனர்.

இவ்வுதவியின் பெறுமதியை உணர்வதற்கு, தோட்டத்திலிருந்து கிளினிக்குக்கு வரும் முதியவர் ஒருவரின் நிலையை எண்ணிப் பார்த்தால் போதும். அன்றைய நாட்சம்பளத்தை இழந்த மகனோ மகளோ துணைக்கு வர, அதிகாலையில் பஸ் ஏறி வருகின்றார். துண்டு எங்கே பெறுவது, எந்த வரிசையில் நிற்பது, இரத்தப் பரிசோதனை எங்கே, மருந்து எந்த யன்னலில் என்பவற்றை அறிவதற்கே பாதி நாள் கழிந்துவிடுகிறது. வைத்தியருக்கு ஒதுக்கக்கூடியதோ சில நிமிடங்கள். அந்தச் சில நிமிடங்களில் நோயின் வரலாறு தவறாகச் சொல்லப்பட்டால் சிகிச்சையும் தவறான திசையில் செல்லக்கூடும். 'இளைப்பு' என்று நோயாளி சொல்வது மூச்சு வாங்குவதைக் குறிக்கலாம். உடல் மெலிவதையும் குறிக்கலாம். 'மயக்கம்' என்பது தலைச்சுற்றாகவும் இருக்கலாம், நினைவிழப்பாகவும் இருக்கலாம். ஒவ்வொன்றும் வெவ்வேறு நோய்களைச் சுட்டுவது.

டெங்கு நோயை மற்றோர் உதாரணமாகக் கொள்ளலாம். 2017 ஆம் ஆண்டில் இலங்கையில் 1,86,101 டெங்கு நோயாளர் பதிவாகினர். இந்நோயில் காய்ச்சல் தணியும் கட்டமே ஆபத்தானதாக மாறக்கூடியது என்பதால், காய்ச்சல் எந்த நாள், எந்த வேளையில் தொடங்கியது என்பது வைத்தியருக்கு இன்றியமையாத தகவலாகும். குடித்த நீராகாரத்தின் அளவையும் வெளியேறிய சிறுநீரின் அளவையும் குறித்து வருமாறு விடுதியில் கேட்கப்படுகிறது. காய்ச்சல் விட்டதும் பிள்ளை குணமடைந்துவிட்டது என்று கருதும் தாய்க்கு, இனித்தான் கூடுதல் கவனம் வேண்டும் என்பதை அவளது மொழியில் எடுத்துச் சொல்ல ஒருவர் இருப்பது உயிர் காக்கும் உதவியாகும்.

இது நோயாளரின் சட்டபூர்வமான உரிமையும் ஆகும் என்பது மறக்கப்படலாகாது. 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1988 ஆம் ஆண்டின் 16 ஆவது திருத்தம், சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பிரதேசங்களிலும் அரச உத்தியோகத்தருடன் தமிழில் கருமமாற்றும் உரிமையை உறுதிப்படுத்தியது. எனவே தமிழறிந்த ஊழியரை நியமிப்பதும் அறிவித்தல்களை மும்மொழிகளிலும் வைப்பதும் அரசின் கடமை. தொண்டர்கள் முன்வருவது அக்கடமையிலிருந்து அரசை விடுவிக்காது. ஆனால் உரிமை நடைமுறைக்கு வரும்வரை நோய் காத்திருப்பதில்லை. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின் பின் வைத்தியர்களும் தாதியரும் பெருமளவில் நாட்டைவிட்டு வெளியேறிய நிலையில், எஞ்சியுள்ளோரின் சுமை அதிகரித்திருப்பதையும் கருத்திற் கொள்ள வேண்டும்.

அவ்வாறாயின் தொண்டர் ஒருவர் செய்யத்தக்கவை யாவை? வெளிநோயாளர் பிரிவிலும் கிளினிக்குகளிலும் வழிகாட்டலாம். படிவங்களை வாசித்துக் காட்டலாம். வைத்தியரின் கேள்வியை நோயாளிக்கும், நோயாளியின் பதிலை வைத்தியருக்கும் கூட்டாமல் குறைக்காமல் எடுத்துரைக்கலாம். விடுதியிலிருந்து வெளியேறும்போது மருந்தை எத்தனை வேளை, உணவுக்கு முன்னா பின்னா உட்கொள்வது, மறுபடி எந்தத் திகதியில் வருவது என்பவற்றைத் தமிழில் விளக்கி, மருந்துறையின் மீது எழுதியும் கொடுக்கலாம். தூரத்துத் தோட்டத்திலிருந்து வந்து பார்க்க எவருமின்றிக் கிடக்கும் நோயாளிக்கு, தாதியின் அனுமதியுடன் உணவூட்டி ஆறுதலாகப் பேசுவதும் சிறிய பணியன்று.

செய்யத்தகாதவையும் உண்டு. தொண்டர் வைத்தியரல்லர், தமக்குத் தெரிந்த மருத்துவ ஆலோசனையை இடையிற் புகுத்தலாகாது. சத்திரசிகிச்சைக்குச் சம்மதிக்கும்படியோ மறுக்கும்படியோ வற்புறுத்தலாகாது. வைத்தியரின் விளக்கத்தை மொழிபெயர்ப்பதோடு அவர் பணி முடிகிறது. விளங்காத சொல்லை ஊகித்துச் சொல்வதைவிட, 'எனக்கு விளங்கவில்லை, மீண்டும் சொல்லுங்கள்' என்று கேட்பதே நேர்மை. நோயாளியைப் பற்றி அறிந்தவற்றை ஊரிற் பேசுவதும் விடுதியிற் படம் எடுத்துப் பகிர்வதும் நம்பிக்கைத் துரோகமாகும். தடிமனோ காய்ச்சலோ உள்ள நாளில் தொண்டர் விடுதிக்குச் செல்லலாகாது.

பெண் தொண்டர்களின் தேவை தனியே வலியுறுத்தப்பட வேண்டியது. மகப்பேறு, மாதவிடாய், மார்பகக் கட்டி போன்றவற்றைத் தன் மகன் மூலமோ அயலூர் ஆண் ஒருவர் மூலமோ சொல்ல நேரும்போது நம் பெண்கள் பலவற்றை மறைத்துவிடுவர். தாயின் நோயைப் பாடசாலைச் சிறுவன் மொழிபெயர்க்கும் காட்சியும் நம்மிடையே புதிதன்று. அமெரிக்காவில் 2016 ஆம் ஆண்டின் சுகாதார விதிமுறைகள், உயிராபத்தான அவசர வேளை தவிர்ந்த ஏனைய சந்தர்ப்பங்களில் சிறுவரை மொழிபெயர்ப்பாளராகப் பயன்படுத்துவதைத் தடைசெய்தன. பிள்ளையின் மீது சுமத்தத்தகாத பாரம் அது என்பதை நாமும் உணர வேண்டும்.

மொழியறிவு தேவைப்படாத தொண்டும் உண்டு. 18 முதல் 60 வயதுக்குட்பட்ட, 50 கிலோவுக்குக் குறையாத எடையுள்ள ஆரோக்கியமானவர் நான்கு மாதங்களுக்கு ஒருமுறை இரத்ததானம் செய்யலாம். இலங்கையின் இரத்த வங்கிகள் முற்றிலும் தன்னார்வக் கொடையாளரை நம்பியே இயங்குகின்றன.

ஒழுங்கமைந்த தொண்டு எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்குக் கேரளம் சான்று. 1993 இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் வலி தணிப்புச் சிகிச்சைக்காகத் தொடங்கிய முயற்சி, பின்னர் மலப்புறம் முதலிய மாவட்டங்களில் ஊர் மக்களின் இயக்கமாக வளர்ந்தது. வாரத்தில் குறைந்தது 2 மணித்தியாலம் ஒதுக்க முன்வருவோருக்கு 16 மணித்தியால வகுப்பும் நேரடிப் பயிற்சியும் அளிக்கப்பட்டன. 2008 இல் மாநில அரசு அதனைத் தன் கொள்கையாகவே ஏற்றது. இந்துக்களும் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் அங்கு ஒருவர் வீட்டு நோயாளியை மற்றவர் பராமரிக்கின்றனர். குறைந்த நேரம், முறையான பயிற்சி, இடைவிடாத தொடர்ச்சி என்பனவே அதன் பலம்.

கண்டியிலும் இதற்கான அடித்தளம் இல்லாமலில்லை. முஸ்லிம் ஊர்களில் ஜனாஸா நலன்புரிச் சங்கங்களும், தோட்டங்களில் மரண உதவிச் சங்கங்களும் இயங்குகின்றன. மரணச் செய்தி கிடைத்த மறுகணமே வாகனம் ஏற்பாடு செய்து, வைத்தியசாலைக் கடதாசி வேலைகளை முடித்து, உடலை வீடு சேர்க்கும் ஒழுங்கு இவற்றிடம் உண்டு. அதே ஒழுங்கை நோயாளி உயிரோடிருக்கும்போதே பயன்படுத்த முடியாதா? ஒவ்வொரு சங்கமும் இருமொழி தெரிந்த நான்கு இளைஞர்களையும் நான்கு யுவதிகளையும் தெரிவுசெய்து, வாரத்தில் ஒரு முற்பகலை ஒதுக்கச் செய்யலாம். உயர்தரப் பரீட்சை எழுதிப் பெறுபேற்றுக்காகக் காத்திருப்போரும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் இதற்குப் பொருத்தமானவர்கள்.

இவ்வாறு முன்வருவோர் தனித்தனியே விடுதிக்குள் நுழைவது முறையன்று. பள்ளிவாசல் நிர்வாகம், ஆலய பரிபாலன சபை, தோட்டச் சங்கம் முதலிய பொறுப்புள்ள அமைப்பொன்றின் மூலம் வைத்தியசாலைப் பணிப்பாளருக்கு எழுத்தில் விண்ணப்பித்து, பெயர்ப்பட்டியலைச் சமர்ப்பித்து, அடையாள அட்டையும் பயிற்சியும் கேட்டுப் பெறுவதே உகந்தது. எந்த நாளில், எந்தப் பிரிவில், எந்தத் தாதி உத்தியோகத்தரின் கீழ் என்பது தெளிவாக வரையறுக்கப்பட்டால், ஊழியர்களும் தொண்டரை இடையூறாகக் கருதமாட்டார்கள். சுகாதார அதிகாரிகளும் இத்தகைய விண்ணப்பங்களைக் கோப்புக்குள் முடக்காது, ஒரு கிளினிக்கிலேனும் பரீட்சார்த்தமாக அனுமதிக்க வேண்டும். நோயை மாற்றும் ஆற்றல் வைத்தியரிடம் உண்டு. நோயாளியின் சொல்லை அவரிடம் சேர்க்கும் ஆற்றல் நம்மிடம் உண்டு.