கார்த்திகை தீபம்: அகல் விளக்கு வெளிச்சத்தில் போட்டோ சொதப்புவது ஏன்? கேமராவில் எதை மாற்ற வேண்டும்?

திருவண்ணாமலையில் கார்த்திகை தீபத்தன்று மாலை 6 மணிக்கு, 2,668 அடி உயர மலை உச்சியில் மகா தீபம் ஏற்றப்படும். அதைப் பார்த்த பிறகே ஊரில் உள்ள வீடுகளில் விளக்கு ஏற்றுவார்கள். மலை மேல் தீபம் 11 நாட்கள் எரியும். ஆனால் வீட்டுக் கூடத்தில் வரிசையாக அகல் எரிய, பாட்டி உட்கார்ந்து திரி தூண்டும் காட்சி ஒரு மணி நேரம் நீடித்தாலே அதிகம். அதைப் படம் எடுத்தால் ஒன்று முகம் கலங்கிவிடுகிறது, இல்லையென்றால் தீபம் வெறும் வெள்ளைப் புள்ளியாகிவிடுகிறது. ஏன் இப்படி? சரி செய்வது எப்படி? பார்க்கலாம்.

கேமரா எங்கே ஏமாறுகிறது?

எதிரே இருப்பது பகலா, இரவா என்று கேமராவின் மீட்டருக்குத் தெரியாது. எந்தக் காட்சியையும் நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். கூடத்தில் முக்கால்வாசி இருட்டு என்பதால், 'வெளிச்சம் பத்தலை' என்று கணக்குப் போட்டு ஷட்டரை அதிக நேரம் திறந்து வைக்கும். விளைவு, பின்னால் இருக்கும் சுவர் பளிச்சென்று தெரியும், சுடர் வெளுத்துப்போகும். ஷட்டர் 1/8 விநாடிக்கு இறங்கினால் கை நடுக்கமும் ஆள் அசைவும் சேர்ந்து படம் கலங்கிவிடும்.

ஃபிளாஷ் போட்டால்?

படம் தெளிவாக வரும். ஆனால் விளக்கின் மஞ்சள் ஒளி காணாமல் போய்விடும். விளக்கே ஏற்றாத மாதிரி இருக்கும். அதனால் முதல் வேலை, ஃபிளாஷை ஆஃப் செய்வது.

செட்டிங்ஸில் என்ன செய்யணும்?

1. ஷட்டர் ஸ்பீடை முதலில் முடிவு செய்யுங்கள். கேமராவை 'எஸ்' அல்லது 'டிவி' மோடில் வைத்து, உட்கார்ந்திருப்பவருக்கு 1/60 விநாடி, ஓடியாடும் குழந்தைகளுக்கு 1/125 விநாடி கொடுக்கலாம்.

2. ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விட்டு, உச்ச வரம்பை 6400 ஆக வையுங்கள். படத்தில் புள்ளி புள்ளியாக நாய்ஸ் வருமே என்ற பயம் வேண்டாம். நாய்ஸை பிறகு சாஃப்ட்வேரில் குறைக்க முடியும். ஆள் அசைந்து கலங்கிய முகத்தைச் சரியாக மீட்பது ரொம்பக் கஷ்டம்.

3. எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை மைனஸ் 1-க்கு இறக்குங்கள். இருட்டு இருட்டாகவே இருக்கும், சுடரின் வடிவமும் தப்பிக்கும். ஒரு படம் எடுத்ததும் ஸ்கிரீனில் முகத்தைப் பாருங்கள். முகம் ரொம்ப இருண்டிருந்தால் கொஞ்சம் ஏற்றலாம்.

4. ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விட்டால் சில கேமராக்கள் மஞ்சளைக் குறைத்துவிடும். 3000 கெல்வின் அளவில் வைத்துப் பாருங்கள். 'ரா' ஃபைலாக எடுத்தால் நிறத்தைப் பிறகும் மாற்றிக்கொள்ளலாம்.

எந்த லென்ஸ்?

கேமராவோடு வரும் 18-55 கிட் லென்ஸில் ஜூம் செய்யச் செய்ய உள்ளே வரும் வெளிச்சம் குறையும். 18-இல் எஃப் 3.5, 55-இல் எஃப் 5.6. எனவே ஜூம் செய்யாமல் நீங்களே இரண்டடி முன்னால் போங்கள். 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸ் இருந்தால், எஃப் 3.5-ஐ விட சுமார் 4 மடங்கு வெளிச்சம் கிடைக்கும்.

விளக்கைத் தள்ளி வைக்காதீங்க

செட்டிங்ஸைவிட முக்கியமானது இதுதான். விளக்குக்கும் முகத்துக்கும் உள்ள தூரம் இரண்டு மடங்கானால், ஒரு சுடரிலிருந்து முகத்தில் விழும் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகிவிடும். அதனால் நாலைந்து அகல்களைச் சேர்த்து, முகத்துக்கு முன்பக்கமாக வையுங்கள். புடவைத் தலைப்பும் தாவணியும் சுடருக்கு எட்டாத தூரத்தில் இருக்கட்டும்.

டியூப்லைட் எரிந்தால்?

கல்யாண மண்டபத்தில் எடுப்பவர்களுக்கும் இது உதவும். நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். அதனால் டியூப்லைட்டும் பல எல்இடி விளக்குகளும் விநாடிக்கு 100 முறை கூடிக் குறையும். நம் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் வேகமான ஷட்டரில் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். 1/50 அல்லது 1/100 வைத்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம். சைலன்ட் ஷட்டரையும் ஆஃப் செய்துவிடுங்கள்.

கோயிலுக்குள் எடுக்கலாமா?

தமிழகக் கோயில்களுக்குள் செல்போனுக்குத் தடை விதிக்க வேண்டும் என்று 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. கேமரா என்றாலும் கோயில் நிர்வாகத்தின் அனுமதி இல்லாமல் எடுக்க வேண்டாம்.

தீபத்தன்று போய் மெனுவில் தேடிக்கொண்டிருந்தால் விளக்கு அணைந்துவிடும். முந்தின நாள் ராத்திரியே லைட்டை அணைத்து, ஒரே ஒரு அகல் ஏற்றி, வீட்டில் யாரையாவது உட்கார வைத்துப் பத்து படம் எடுத்துப் பாருங்கள். உங்கள் கேமராவுக்கு எந்த ஐஎஸ்ஓ வரை தாங்கும் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.