டேப்பைக் கழற்றுங்கள்

அமெரிக்காவில், அரிசோனாவில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போகும் டிராவல் டிரெய்லர் ஒன்றைப் பழையதாக வாங்கினாராம். முகாம்களில் குழாயடியிலிருந்து டிரெய்லரின் பக்கச்சுவரில் இருக்கும் தண்ணீர் வாய்க்கு ஹோஸை மாட்டினால் இணைப்பில் ஒழுகுகிறது. டெஃப்லான் டேப் சுற்றினார். ஒழுகல் மரைப் பக்கத்தை விட்டு நட்டின் பின்பக்கத்துக்கு இடம் மாறியது. இன்னும் தடிமனாகச் சுற்றினார். இப்போது இரண்டு பக்கமும் ஒழுகுகிறது. ‘ஒழுகவே ஒழுகாது’ என்று விளம்பரப்படுத்தும் விலை உயர்ந்த இணைப்பு ஒன்றை வாங்கலாமா என்பது கேள்வி.

வாங்க வேண்டாம். முதலில் டேப்பைக் கழற்றுங்கள்.

டேப் நல்ல பொருள்தான், சுற்றிய இடம்தான் தவறு. பிளம்பர்கள் டேப் சுற்றும் குழாய் மரை பெரும்பாலும் கூம்பாக இருக்கும். அமெரிக்கக் குழாய் மரைக்கு 16-க்கு 1 என்ற சரிவு உண்டு. திருகத் திருக மரையை மரை கவ்வும். மிஞ்சுகிற சுருள் சந்தை டேப் அடைக்கும். ஹோஸ் மரையோ நேராக வெட்டியது, கையால் திருக வேண்டும் என்பதற்காகத் தொளதொளவென்று விட்டது. தண்ணீரை அடைக்கும் பொறுப்பை அதற்கு யாரும் தரவில்லை. நட்டுக்குள் கிடக்கும் ரப்பர் வாஷரை எதிர்முகத்தோடு வைத்து நசுக்குவதோடு அதன் வேலை முடிந்தது. நட்டும் ஹோஸின் கழுத்தில் தாராளமாகச் சுழலுகிறது. சுழல இடம் வேண்டுமே, அங்கேயும் சந்து. ஆகவே வாஷரைத் தாண்டிவிட்ட தண்ணீருக்கு வெளியே வர இரண்டு வழி. மரை வழியை டேப்பால் அடைத்தால் கழுத்து வழியாக வரும். டேப் தடித்துப்போனால் வாஷர் அழுந்துவதற்கு முன்பே நட்டு சிக்கி நின்றுவிடும்.

கொஞ்சம் வரலாறு சொல்லாவிட்டால் ஆசிரியர் விடமாட்டார். 1904 பிப்ரவரியில் பால்டிமோர் நகரம் தீப்பற்றி எரிந்தபோது வாஷிங்டன், நியூயார்க் முதலிய ஊர்களிலிருந்து தீயணைப்பு வண்டிகள் ஓடி வந்தன. பல வண்டிகளின் ஹோஸ்கள் பால்டிமோர் குழாய்களில் மாட்டவில்லை; ஊருக்கு ஒரு மரை. 1,500-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் போயின. அதற்குப் பிறகுதான் தேசிய அளவில் ஒரே ஹோஸ் மரை என்ற பேச்சு உறுதிப்பட்டது. இன்றைய அமெரிக்கத் தோட்ட ஹோஸுக்கு, டிரெய்லர் ஹோஸுக்கும்தான், அங்குலத்துக்குப் பதினொன்றரை மரை. ஏறக்குறைய அதே பருமனுள்ள முக்கால் அங்குலக் குழாய்க்குப் பதினான்கு. ஹோஸை அந்தக் குழாயில் மாட்டினால் ஒன்றிரண்டு சுற்று பிடித்துக்கொள்வதுபோல் நடிக்கும், பிறகு ஒழுகும். வரலாறு போதும்.

என்னைப் பிடித்து நிறுத்தியது வாஷர்தான். ரப்பரும் உலோகமும் மட்டமாகப் பொருந்திவிட்டதாகக் கண் சொல்கிறது. பல மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால் இரண்டு முகமும் மேடும் பள்ளமும். மேடுகள் மட்டுமே தொடுகின்றன. அப்படியானால் பள்ளங்களின் வழியே தண்ணீர் ஏன் ஓடிவிடுவதில்லை?

வாஷர் அமரும் வட்ட விளிம்பை ஒரு வயல்வெளியாக வைத்துக்கொள்ளுங்கள். ரப்பர் தொடும் இடமெல்லாம் வரப்பு. தொடாத பள்ளமெல்லாம் வயல். உள்பக்கம் வாய்க்கால், வெளிப்பக்கம் வடிகால். வாய்க்காலோர வயல்களில் தண்ணீர் நிறையத்தான் செய்யும், நிறைந்துவிட்டுப் போகட்டும். ஒரு வயலிலிருந்து அடுத்ததற்கு, அங்கிருந்து அதற்கடுத்ததற்கு என மடை திறந்த தொடர் ஒன்று வடிகால்வரை இருந்தால்தான் தண்ணீர் தப்ப முடியும். நட்டை இறுக்கும்போது வரப்புகள் அகலமாகின்றன, மடைகள் ஒவ்வொன்றாக மூடுகின்றன. கடைசித் தொடரும் அறுபடும் கணத்தில் ஒழுகல் நிற்கிறது. வயல்கள் அப்போதும் இருக்கின்றன, தண்ணீரோடுதான் இருக்கின்றன.

இந்தக் கணக்குக்கு அடிப்படை போட்டவர்கள் 1957-ல் பிராட்பென்ட், ஹாமர்ஸ்லி என்ற இரு பிரிட்டிஷ்காரர்கள். ஜெர்மனியின் யூலிஷ் ஆய்வு மையத்தைச் சேர்ந்த போ பெர்சன் அதை வாஷர், ஓ-ரிங் போன்ற அடைப்புகளுக்குக் கொண்டுவந்தார். தாறுமாறான மேடுபள்ளம் கொண்ட மீள்தன்மைப் பரப்புகளைக் கணினியில் அழுத்திப் பார்த்தால், சுமார் 42 சதவீதப் பரப்பு தொட்டவுடனே வழி அறுந்துவிடுகிறது. பாதிக்கு மேல் தொடவே இல்லை, ஆனாலும் ஒழுகாது! இதைப் படித்த நாளிலிருந்து வாஷர் மேல் எனக்கு மரியாதை கூடிவிட்டது.

வயலை இன்னும் கொஞ்சம் உழுகிறேன். இணைப்பின் முகத்தில் வட்டமாகவே ஓடும் கீறல்கள் வாய்க்காலுக்கு இணையாகப் போகின்றன, கெடுதல் இல்லை. உள்ளிருந்து வெளியே குறுக்காக ஓடும் மயிரிழைக் கீறல் நண்டு வளை. வரப்பு எவ்வளவு அகலமாக இருந்தாலும் நண்டு வளை ஒன்று போதும். நள்ளிரவில் மடையை வெட்டிவிடும் பக்கத்து வயல்காரரும் உண்டு: முகாமில் எல்லோரும் தூங்கிய பிறகு பயன்பாடு குறைந்து குழாயில் அழுத்தம் ஏறுகிறது, மாலையில் ஒழுகாத இணைப்பு விடிவதற்குள் குட்டையைக் கட்டிவிடுகிறது. இதற்கு மேல் போனால் நாற்று நட வேண்டியிருக்கும்.

சந்துகளுக்கு இன்னொரு குணமும் உண்டு. மெல்லிய சந்தில் ஓடும் தண்ணீரின் அளவு, சந்தின் உயரத்தின் மும்மடியைப் பொறுத்தது. உயரம் பாதியானால் ஒழுகல் எட்டில் ஒன்று. அதனால்தான் கடைசிக் கால் சுற்று அவ்வளவு வேலை செய்கிறது. அதற்கும் மேல் இறுக்கினால் ரப்பர் பிதுங்கி வெட்டுப்படும், டிரெய்லரின் வாய் பிளாஸ்டிக்காக இருந்தால் விரிசல் விடும்.

பழைய வாஷரை எவ்வளவு இறுக்கினாலும் ஏன் கேட்பதில்லை? மாதக்கணக்கில் நசுங்கிக் கிடக்கும் ரப்பரில் சங்கிலி மூலக்கூறுகளுக்கிடையிலான பிணைப்புகள் சில அறுந்து, நசுங்கிய வடிவத்திலேயே புதிதாகப் பிணைகின்றன. நசுங்கலே அதன் இயல்பாகிவிடுகிறது. திருப்பித் தள்ளும் தெம்பு போய்விடுகிறது. வெயிலில் இது விரைவாக நடக்கும். குளிரும் உதவுவதில்லை. ஒரே அளவு குளிர்ந்தால் ரப்பர் பித்தளையைவிடச் சுமார் பத்து மடங்கு சுருங்கும். பாலைவன விடியலில் சொட்டிவிட்டு மதியத்தில் நின்றுவிடும் இணைப்புகளுக்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

‘ராணுவத் தர’ பித்தளை, ‘நானோ’ பசை, ஒழுகினால் கைப்பேசியைக் கூப்பிடும் கருவி எல்லாம் விற்பனையில் உண்டு. கைப்பேசி கூப்பிட்டால் ஒழுகல் நிற்காது. இவை எதுவும் செத்த வாஷரை உயிர்ப்பிக்கா.

ஆகவே செய்ய வேண்டியது இது: குழாயடியை மூடி, டிரெய்லருக்குள் ஒரு குழாயைத் திறந்து அழுத்தத்தை விடுங்கள். பழைய வாஷரை நோண்டி எடுங்கள். சில சமயம் அடியில் இன்னொன்றும் ஒட்டிக் கிடக்கும். விளிம்பைத் துடைத்து, சுற்றிலும் விரல் நகத்தை ஓட்டிக் குறுக்குக் கீறல் தட்டுகிறதா என்று பாருங்கள். புது வாஷரை மட்டமாகப் பதித்து, நட்டை முதலில் எதிர்ப்பக்கம் திருகுங்கள்; மரை ‘டக்’கென்று விழுந்ததும் வலப்பக்கம், கையால். குழாயடியில் அழுத்தக் குறைப்பான் ஒன்றும் மாட்டுங்கள். டிரெய்லர்க் குழாய்களுக்கு 40 முதல் 60 பிஎஸ்ஐ போதும். 50 பிஎஸ்ஐ என்பதே 35 மீட்டர் உயரத் தொட்டியின் அழுத்தம். பத்துப் பதினைந்து கிலோ எடைக்குச் சமமான விசையோடு அது நட்டைப் பிரிக்கப் பார்க்கிறது. குறைப்பானை ஹோஸின் டிரெய்லர் முனையில் மாட்டினால் ஹோஸுக்குப் பாதுகாப்பில்லை.

ஹோஸே மாட்டாமல், டிரெய்லரின் சொந்தத் தொட்டியிலிருந்து பம்ப் ஓடும்போது அதே வாய் வழியாகத் தண்ணீர் வந்தால் வாஷர் நிரபராதி. வாய்க்குள் இருக்கும் ஒருவழி வால்வு மூடவில்லை. மணல் சிக்கியிருக்கலாம், குளிர்காலத்தில் தேங்கிய தண்ணீர் உறைந்து அதைப் பிளந்திருக்கலாம். மணலைக் கழுவி விடலாம். பிளந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும்.