விருது மேடையும் நாடக மேடையும்

திரைப்பட விருது விழாக்கள் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகும்போது, திருவனந்தபுரத்து நாடக ரசிகர்களின் மகிழ்ச்சியில் ஒரு சிறு மனக்குறையும் கலந்திருப்பதை நாம் கண்டிருக்கிறோம். விருது பெறுபவர் பல நேரங்களில் அவர்கள் நன்கறிந்த நாடக நடிகராகவே இருப்பார். அறிவிப்பாளர் வாசிக்கும் குறிப்பிலோ திரைப்படங்களின் பெயர்கள் மட்டுமே இடம்பெறும். பல்லாண்டுகளாக நாடகம் பார்த்துவரும் நம் வாடிக்கையாளர் ஒருவர் இதனைச் சுருக்கமாகச் சொன்னார்: "மகளுக்குச் சீமந்தம், பிறந்த வீட்டுக்குச் சேதி இல்லை. அதுபோல இருக்கிறது, சார்."

இதனை மிகை என்று ஒதுக்க இயலவில்லை. சிறயின்கீழில் பிறந்த கோபி, மின்வாரியத்தில் பணியாற்றிக்கொண்டே ஜி. சங்கரப்பிள்ளையின் நாடகங்களில் நடித்துத் தேர்ந்தவர். 1977-இல் வெளிவந்த அடூர் கோபாலகிருஷ்ணனின் 'கொடியேற்றம்' அவருக்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருதைப் பெற்றுத் தந்தது; அதன்பின் அவர் 'பரத்' கோபி ஆனார். 'நெய்த்துகாரன்' படத்துக்காக 2001-ஆம் ஆண்டுக்கான அதே விருதைப் பெற்ற முரளியும் நரேந்திர பிரசாத்தின் 'நாட்டியகிருகம்' குழுவில் வளர்ந்தவரே. சி. என். ஸ்ரீகண்டன் நாயரின் 'இலங்காலட்சுமி' நாடகத்தில் அவர் ஏற்ற இராவணன் வேடத்தைப் பற்றி இந்நகரில் இன்றும் பேசுவோர் உண்டு. லலிதாவோ தாம் நடித்த நாடகக் குழுவின் பெயரையே தம் பெயருக்கு முன்னால் கொண்டிருந்தார். இருமுறை தேசிய விருது பெற்றபோதும் அவர் கே.பி.ஏ.சி. லலிதாதான். ஒருவர் பெயரில் விருது முன்னொட்டாயிற்று. மற்றவர் பெயரில் நாடகக் குழு. இரண்டாவதே நமக்கு அதிகம் பிடித்திருக்கிறது என்பதை மறைப்பானேன்?

நாடகத்துக்கென விருதுகள் இல்லாமல் இல்லை. திருச்சூரில் 1958 முதல் கேரள சங்கீத நாடக அகாதெமி இயங்குகிறது. காவாலம் நாராயணப் பணிக்கருக்கு 1983-இல் மத்திய சங்கீத நாடக அகாதெமி விருதும், 2007-இல் பத்மபூஷண் விருதும் கிடைத்தன. ஆயினும் இத்தகைய செய்திகள் பெரும்பாலும் நாளிதழில் ஒரு புகைப்படத்தோடு முடிந்துவிடுகின்றன. திரைப்படத்திலிருந்து ஒரு காட்சியை எடுத்துக் காட்டலாம். நாடகம் அன்றிரவே கலைந்துவிடுகிறது. பணிக்கர் எழுதி அரவிந்தன் இயக்கிய 'அவனவன் கடம்ப', எழுபதுகளில் அரங்கச் சுவர்களை விட்டுத் திறந்த வெளிக்கு வந்தது. அதில் நெடுமுடி வேணு ஆடியதை நேரில் கண்டவர்கள் பேறு பெற்றவர்கள்; ஏனையோருக்குக் கேள்விச் செய்திதான்.

இந்தக் குறையை நியூயார்க் நகரம் ஒருவாறு தீர்த்துக்கொண்டது. அங்கு 1947 முதல் வழங்கப்படும் டோனி விருது நாடகத்துக்கே உரியது; 1967 முதல் அவ்விழா அமெரிக்கா முழுவதும் ஒளிபரப்பாகிறது. போட்டியிலுள்ள இசை நாடகங்களின் நடிகர்கள் விழா மேடையிலேயே ஒரு காட்சியை நடித்துக் காட்டுகின்றனர். வீட்டிலிருந்து பார்ப்பவருக்கு அதுவே மாதிரிச் சரக்கு. மறுநாள் நுழைவுச்சீட்டு விற்பனை பெருகும். விருது கிடைக்காத நாடகங்களுள் சில, அடுத்த சில வாரங்களிலேயே நிறுத்தப்படுவதும் உண்டு. வரவு செலவு பார்த்தே பழகிய நமக்கு இந்தக் கணக்கு எளிதில் விளங்குகிறது. ஆனால் பாட்டும் ஆட்டமும் இல்லாத உரைநாடகங்களுக்கு அங்கும் நேரம் குறைவு. ஐந்நூறு இருக்கைகளுக்குக் குறைந்த அரங்குகளின் நாடகங்கள் போட்டிக்கே வர இயலாது. ஆகவே அந்நகர ரசிகர்களுக்கும் மனக்குறை உண்டு.

தமிழ் வாடிக்கையாளர்களுக்கு இங்கே ஒரு செய்தி. தமிழ்நாட்டின் அரசு விழாக்கள் தொடங்கும்போது ஒலிக்கும் தமிழ்த்தாய் வாழ்த்து, 'மனோன்மணீயம்' என்னும் நாடகத்திலிருந்து எடுக்கப்பட்டது. திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக இருந்த பெ. சுந்தரம் பிள்ளை, லிட்டன் பிரபுவின் கதையொன்றைத் தழுவி 1891-இல் வெளியிட்ட கவிதை நாடகம் அது. 2021-இல் அவ்வாழ்த்து மாநிலப் பாடலாகவும் அறிவிக்கப்பட்டது. ஆக, தமிழ்நாடு அரசின் விருது விழா எதுவாயினும் அனைவரும் முதலில் எழுந்து நிற்பது, இந்நகரில் வாழ்ந்தவர் எழுதிய நாடக வரிகளுக்கே. ஔவையாராக நடித்துப் புகழ்பெற்ற தி. க. சண்முகம் 1912-இல் பிறந்ததும் இதே ஊரில்தான்.

விருது பெறும் நடிகரின் நாடகத்திலிருந்து மூன்று நிமிடக் காட்சியை ஒளிபரப்பில் சேர்த்தால் பெரிய செலவொன்றும் ஆகிவிடாது. நடிகர் உயிருடன் இருக்கிறார், மேடையும் எதிரிலேயே இருக்கிறது. அதுவரை, ரசிகர்கள் நேரில்தான் செல்ல வேண்டும். 1970-இல் தொடங்கப்பட்ட 'மார்கி' அமைப்பு, 2001-இல் யுனெஸ்கோவின் சிறப்பைப் பெற்ற கூடியாட்டத்தை இந்நகரில் பேணிவருகிறது. எண்ணெய் விளக்கின் முன் மிழாவு முழங்க, நடிகர் ஒரே சுலோகத்தை வெகுநேரம் விரித்து ஆடுவார், அவசரக்காரர்களுக்கு உரியதன்று. நிகழ்ச்சி நாளை முன்னதாகக் கேட்டறிந்து செல்வது நலம்.