மறுநடை – 9: எந்தக் கையில் கம்பு?

இந்த வாரம் மாடிப்படி என்று சொல்லியிருந்தேன். வலது இடுப்பில் மாற்று மூட்டு, தொடைகளுக்கு நடுவே தலையணை, உயரம் கூட்டிய நாற்காலி, வாக்கர் எல்லாம் வந்தாயிற்று. தொடர்ந்து படிப்பவர்களுக்கு நினைவிருக்கும். படிக்குப் போகலாம் என்று உட்கார்ந்தால் கம்பு குறுக்கே விழுந்துவிட்டது. அதைச் சொல்லாமல் படியில் கால் வைக்க முடியாது.

வாக்கரோடு நடக்கும் நாட்களில் மனுஷிக்குக் கையே கிடையாது. பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் காலைத்தான் விசாரிக்கிறார்கள். போனது கை. இரண்டு கையும் வாக்கரின் பிடியில் இருக்கும்போது அடுப்படியில் காபி கலந்துகொள்ளலாம், நின்றபடியே குடிக்கலாம். அந்த டம்ளரை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வர முடியாது. மருமகள் வாக்கரின் முன்கம்பியில் ஒரு மஞ்சப்பையைக் கட்டிவிட்டாள். மூக்குக்கண்ணாடி, போன், மாத்திரை டப்பா, மூடி இறுகின சின்ன ஃபிளாஸ்க் எல்லாம் அதில் பயணம் செய்தன. ஃபிளாஸ்க் காபிக்கு ஒரு வாடை உண்டு. அறுபது வயதுவரை அடுப்படியில் நின்று ஊருக்கெல்லாம் டம்ளர் நீட்டியவளுக்கு அந்த வாடை பிடிபடவே இல்லை.

அதனால், “இனிமே கம்பு போதும்மா” என்று பிசியோதெரபிப் பெண் சொன்னபோது எனக்குக் காதில் விழுந்தது, “ஒரு கை திரும்பக் கிடைக்கும்” என்பதுதான். எந்தக் கை என்பதில்தான் வழக்கு.

“எடது கையில பிடிங்கம்மா. ஆபரேஷன் பண்ணின காலுக்கு எதிர்க் கை” என்றாள் அவள். அவள் படி இறங்கிப் போன கையோடு பக்கத்து வீட்டுத் தங்கச்சி வந்தாள். “என்னக்கா, வலிக்கிற காலு வலதுல்லா? கம்பை எடதுல வச்சிருக்கீங்க?” பிறகு வந்த சித்தப்பா கம்பை வாங்கி என் வலது கையில் திணித்தே விட்டார். எங்கள் பாளையங்கோட்டை முழுக்க ஒரு பக்கம், சின்னப் பெண் ஒருத்தி ஒரு பக்கம். சினிமாவிலும் சீரியலிலும் கால் தாங்கி நடப்பவர்களைக் கவனித்துப் பாருங்கள். பெரும்பாலும் வலிக்கிற காலோடு சேர்த்துத்தான் கம்பை ஊன்றுவார்கள்.

அந்தப் பெண் சொன்னதுதான் சரி. ஏன் சரி என்று தேடப் போனதில்தான் இந்த வாரம் முழுக்கப் போயிற்று. தெரிந்துகொண்டதில் எனக்கு அத்தனை சந்தோஷம்.

நடப்பது என்றால் மாறி மாறி ஒற்றைக் காலில் நிற்பது. வலது கால் தரையிலும் இடது கால் காற்றிலும் இருக்கும் அந்த ஒரு நொடியில், உடம்பின் எடை இடுப்பின் இடது பக்கத்தைக் கீழே இழுக்கிறது. அது சரிந்துவிடாமல் பிடித்துக்கொள்வது வலது இடுப்பின் வெளிப்புறத்தில் விசிறிபோல் விரிந்திருக்கும் தசை. கை வைத்து நடந்து பார்த்தால் ஒவ்வொரு அடிக்கும் அது இறுகுவது தெரியும். பாவம், அந்தத் தசை மூட்டுக்கு மிக அருகில் இருக்கிறது. உடம்பின் எடையோ நட்ட நடுவில், ஏறக்குறைய இரண்டு பங்கு தூரத்தில். ஆகவே எடையைச் சமன் செய்யத் தசை இரண்டு பங்கு விசையோடு இழுக்க வேண்டும். மூட்டின் தலையில் விழுவது எடையும் இந்த இழுப்பும் சேர்ந்த மொத்தம். ஃபிரீட்ரிக் பவெல்ஸ் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1935-லேயே இதைக் கணக்காக எழுதிவைத்தார். பின்னாளில் பெர்லினில் மாற்று மூட்டுக்குள்ளேயே அளவு கருவியை வைத்து, நோயாளிகளை நடக்கவிட்டு அளந்தார்கள். சாதாரண நடையில் உடல் எடையைப்போல இரண்டரை மடங்கு அளவுக்குச் சுமை! 60 கிலோ உள்ள பெண்மணி அடுப்படியிலிருந்து கூடத்துக்கு வரும்போது ஒவ்வொரு அடிக்கும் இடுப்பு மூட்டு 150 கிலோவைத் தாங்குகிறது. இத்தனை வருஷம் முணுமுணுக்காமல் தாங்கியிருக்கிறது.

இப்போது கம்புக்கு வாருங்கள். எங்கள் பக்கத்துச் சந்தையில் முன்பு வெள்ளிக்கோல் வைத்திருப்பார்கள். குட்டைப் பக்கத்தில் பெரிய மூட்டை தொங்கும். நீளப் பக்கத்தில் ஒரு சின்னக் குண்டைத் தள்ளித் தள்ளிக் கொண்டுபோனால் அத்தனை பெரிய மூட்டையும் சமநிலைக்கு வந்துவிடும். இடது கையில் ஊன்றும் கம்பு அந்தச் சின்னக் குண்டு. வலது மூட்டிலிருந்து அது எட்ட இருக்கிறது என்பதுதான் அதன் பலம். கையால் கொஞ்சம் அழுத்தினாலே வலது தசையின் இழுப்பு கணிசமாகக் குறைந்து, மூட்டுச் சுமையும் இறங்கிவிடும். அதே கம்பை வலது கையில் பிடித்தால் மூட்டுக்குப் பக்கத்திலேயே ஊன்றுகிறோம். தூரத்தின் லாபம் போயிற்று. போதாததற்கு, நடக்கும்போது இடது கையும் வலது காலும் சேர்ந்து முன்னே போவதுதான் இயற்கை. கம்பும் காலும் ஒரே தாளத்தில் விழும்.

அறுவை சிகிச்சையில் பல நேரம் இந்தத் தசைகளுக்கு ஊடேயோ பக்கத்திலோ புகுந்துதான் மூட்டைத் தொட வேண்டியிருக்கிறது. அவை தேறும்வரை இடுப்பு ஒரு பக்கம் சரியும். சரியாமலிருக்க உடம்பு மறுபக்கம் சாயும். ஆடி ஆடி நடக்கும் அந்த நடைக்கான காரணத்தை 1895-ல் டிரெண்டலன்பர்க் என்பவர் விளக்கினார். இன்றும் அவர் பெயரில்தான் டாக்டர்கள் அதைச் சோதிக்கிறார்கள். கம்பு அந்தத் தசைக்குப் பதிலாள். தசை விடுப்பில் இருக்கும் வரை வேலை பார்க்கும்.

இத்தனை சுமையை மாற்று மூட்டுக்குள் இருக்கும் செயற்கைக் கிண்ணம் எப்படித் தாங்குகிறது என்ற கேள்வி உடனே வந்தது. இது மாடிப்படிக்கும் கம்புக்கும் சம்பந்தமில்லாத கதைதான். ஆனாலும் விட மனமில்லை. இங்கிலாந்தில் லங்காஷயர் பகுதியில், ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி என்ற சர்ஜன் 1950-களின் கடைசியில் டெஃப்லானால் கிண்ணம் செய்து பொருத்தினார். நான்-ஸ்டிக் தோசைக்கல்லில் பூசுகிற அதே டெஃப்லான். சில வருஷங்களில் அது தேய்ந்து, நோயாளிகளுக்குத் திரும்ப வலி வந்தது. அந்தச் சமயத்தில் ஒரு விற்பனையாளர் வேறொரு பிளாஸ்டிக்கைக் கொண்டுவந்தார். அந்த வட்டாரத்து நெசவுத் தறிகளின் பல்சக்கரத்துக்குப் பயன்பட்ட பொருள். சார்ன்லி அதில் நகத்தை அழுத்திப் பார்த்துவிட்டு, இது தேறாது என்று போய்விட்டார். அவருடைய பட்டறையில் வேலை பார்த்த ஹாரி கிரேவன் மட்டும் அதை விடவில்லை. சார்ன்லி வெளிநாடு போயிருந்தபோது தேய்மானக் கருவியில் மாட்டி ஓடவிட்டார். டெஃப்லான் ஒரே நாளில் தேய்கிற அளவுக்குக்கூட அது மூன்று வாரத்தில் தேயவில்லை. 1962 நவம்பரில் அந்தப் பிளாஸ்டிக் கிண்ணம் முதல் நோயாளிக்குள் போயிற்று. என் இடுப்புக் கிண்ணத்தின் உட்புறமும் அதே பாலிஎத்திலின் வம்சம்தான். விக்கிரமசிங்கபுரம் ஆலையில் காலமெல்லாம் தறியோடு நின்றவர் என் அப்பா. இதைக் கேட்டிருந்தால் தெருவையே கூட்டிச் சொல்லியிருப்பார். சர்ஜனின் பெயர் உலகத்துக்குத் தெரியும். எனக்கு அந்தப் பட்டறைக்காரரைத்தான் கும்பிடத் தோன்றுகிறது.

கம்புக்குத் திரும்புகிறேன். அமெரிக்காவில் மில்வாக்கி நகரத்து எலும்பு டாக்டர் வால்டர் பிளவுண்ட் 1956-ல், கைத்தடியைத் தூக்கி எறியாதீர்கள் என்பதையே தலைப்பாக வைத்து மருத்துவ இதழில் கட்டுரை எழுதினார். கம்பு பிடிக்க அவர் ஊரிலும் அப்போது நம் ஊரைப்போலவே வெட்கம்தான் போலிருக்கிறது. என் அத்தான் ஒருவர் இடது இடுப்பில் ஆபரேஷன் ஆனவர். கம்பு பிடித்தால் கிழவன் என்பார்களாம். சித்திரை வெயிலிலும் விரிக்காத குடையை ஊன்றிக்கொண்டுதான் கோயிலுக்குப் போவார். குடை நம் உயரத்துக்குச் செய்ததல்ல. நுனியில் இருப்பது இரும்பு. மொசைக் தரையிலும் கோயில் கல்தளத்தின் ஈரத்திலும் அது வழுக்கும். ஒரு இடுப்பைக் காப்பாற்றப் போய் இன்னொன்றை முறித்துக்கொள்ளும் வேலை. நம் ஊர்ச் சந்திதோறும் பெரியார் கைத்தடியோடு நிற்கிறார். 94 வயதில், இறப்பதற்குச் சில நாள் முன்புவரை மேடையேறிப் பேசியவர் அவர். அந்தத் தடியைப் பார்த்து யாராவது அவரைத் தளர்ந்தவர் என்று சொன்னார்களா?

தாத்தாவின் பழைய கம்பையும் எடுத்துக்கொள்ளாதீர்கள். வீட்டில் போடும் செருப்போடு நேராக நின்று கையைத் தொங்கவிட்டால், மணிக்கட்டு மடிப்பின் உயரத்தில் பிடி இருக்க வேண்டும். ஊன்றும்போது முழங்கை லேசாக மடங்கும். அடியிலுள்ள ரப்பர் புஷ்ஷைத் திருப்பிப் பாருங்கள். வரிகள் தேய்ந்து மழமழவென்று ஆகியிருந்தால் உடனே மாற்றுங்கள். மெடிக்கல் கடையிலேயே கிடைக்கும்.

இடது கைக்குக் கம்பு போனதால் எனக்கு வலது கை கிடைத்தது. அத்தானுக்கு இந்த யோகமில்லை. சோற்றுக் கையைக் கம்புக்குக் கொடுக்க வேண்டியவர். என் வலது கையில், டம்ளரில் முக்கால் அளவு காபி. கம்பு, வலது கால், பிறகு இடது கால். நிலைப்படியில் நின்று, கம்பை முதலில் அந்தப்பக்கம் வைத்து, பிறகு கால். கூடத்து மேசையில் டம்ளரை வைத்தேன். நாற்காலி கெண்டைக்காலில் படும்வரை பின்னால் நகர்ந்து, கம்பை மேசை விளிம்பில் மாட்டி, வலது காலை முன்னே நீட்டி, கைப்பிடியைப் பற்றி உட்கார்ந்தேன். “அத்தை, கூப்பிட்டிருக்கலாம்ல?” என்று ஓடிவந்தாள் மருமகள். கூப்பிடாமல் வந்ததுதானே விசேஷம்! நுரை அடங்காத, வாடையில்லாத, என் கைக் காபி. எக்ஸ்ரேயைக் காட்டி டாக்டர் மூட்டு நன்றாக உட்கார்ந்திருக்கிறது என்று சொன்ன அன்றைக்குக்கூட நான் இப்படிப் பூரிக்கவில்லை.

அப்போது மாட்டியிருந்த கம்பு சரிந்து தடாலென்று கீழே விழுந்தது. கம்பு விழுவது தினசரிக் காரியம். எடுப்பதுதான் பெரிய விஷயம். எனக்குச் செய்ததுபோல மூட்டின் பின்பக்கமாகத் திறந்து மாற்று மூட்டு வைத்துக்கொண்டவர்கள், டாக்டர் சொல்லும்வரை இடுப்பைச் செங்கோணத்துக்கு மேல் மடக்கக் கூடாது, மூட்டு நழுவிவிடும். குனிவது தடை. அதற்கும் பிசியோதெரபிப் பெண் ஒரு வழி சொல்லியிருந்தாள். எழுந்து மேசையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இடது காலில் நின்று, உடம்பு முன்னே சாயச் சாய வலது காலை நேராகப் பின்னால் தூக்க வேண்டும். உடம்பும் வலது காலும் ஒரே கோட்டில் இருப்பதால் வலது இடுப்பு மடங்குவதே இல்லை; மடங்குவது இடது. அவரவர் டாக்டரைக் கேட்காமல் இதைச் செய்ய வேண்டாம். நான் மருமகளைப் பக்கத்தில் நிறுத்திவைத்துக்கொண்டு செய்தேன். கம்பு கைக்கு வந்தது. அன்று சாயங்காலமே பிடியில் ஒரு நாடாவைக் கட்டி மணிக்கட்டில் மாட்டிக்கொள்ள ஏற்பாடு செய்தாயிற்று.

மாடிப்படி அடுத்த வாரம். மொட்டை மாடியில் வடகம் காயப்போட வேண்டும் என்ற வைராக்கியமும் அதில் வரும். இடையில் எங்காவது படி குறுக்கிட்டால் இவ்வளவு போதும்: ஏறும்போது நல்ல கால் முதலில், பிறகு ஆபரேஷன் காலும் கம்பும், இறங்கும்போது கம்பு முதலில், அடுத்து ஆபரேஷன் கால், கடைசியில் நல்ல கால். கைப்பிடிச் சுவர் இருந்தால் ஒரு கை அதன்மேல். கைப்பிடி இல்லாத படி என்றால் துணை இல்லாமல் ஏறாதீர்கள்.

(தொடரும்)