தேய்ந்ததை அளந்தால் தேய்ந்ததுதான் கிடைக்கும்

அப்பாவின் யெஸ்டியில் பின்சக்கரம் ஆட ஆரம்பித்து ஒரு வருஷம் இருக்கும். சக்கரத்தைக் கையால் பிடித்து இடவலமாக அசைத்தால் ‘டொக் டொக்’ என்று சத்தம் வரும். காரணம் தெரிந்ததுதான். சுவிங் ஆர்மை வண்டியின் சட்டத்தோடு இணைக்கும் ஷாஃப்ட் ஒரு புஷ்ஷுக்குள் உட்கார்ந்திருக்கும். அந்த புஷ் தேய்ந்துவிட்டது. கட்டைவிரல் தண்டிக்கு ஒரு சின்ன உலோகக் குழாய், அவ்வளவுதான் விஷயம். ஆனால் கடைகளில் கிடைக்கவில்லை.

ஏன் கிடைக்கவில்லை? மைசூரில் ஐடியல் ஜாவா நிறுவனம் 1961-ல் உற்பத்தியைத் தொடங்கியது. செக்கோஸ்லோவாக்கியாவின் ஜாவா வடிவமைப்பு, டூ ஸ்ட்ரோக் இன்ஜின். எழுபதுகளில் யெஸ்டி என்று பெயர் மாறியது. 1996-ல் ஆலை மூடப்பட்டது. 2018-ல் ஜாவா பெயரும் 2022-ல் யெஸ்டி பெயரும் மறுபடி சந்தைக்கு வந்தன. ஆனால் அவை தண்ணீரால் குளிரூட்டப்படும் ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகள். டேங்கில் இருக்கும் பெயர்தான் ஒன்று, உள்ளே இருப்பது வேறு. ஆகவே பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு மிச்சம் இரண்டே வழி. சென்னை புதுப்பேட்டை மாதிரி இடங்களில் பழைய பாகம் தேடுவது, இல்லையென்றால் நாமே செய்துகொள்வது.

நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன். பழைய புஷ்ஷைக் கழற்றி ஒரு லேத் பட்டறையில் கொடுத்து, “இதே மாதிரி செஞ்சு குடுங்க” என்றேன். இதே மாதிரியே செய்து கொடுத்தார்கள். மாட்டும்போது கையாலேயே வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. ஆகா, என்ன பொருத்தம் என்று சந்தோஷப்பட்டேன். அங்கேதான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு ஈ.சி.ஆரில் போகிறோம், பின்னால் என் மகள். காலாப்பட்டு தாண்டி ஒரு பஸ் எங்களை முந்தியது. அது தள்ளிய காற்றில் வண்டியின் பின்பக்கம் பாம்பு மாதிரி நெளிந்தது. விழவில்லை. ஓரமாக நிறுத்தினேன். “அப்பா, பஸ்லயே வீட்டுக்குப் போயிடலாமா?” என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை.

தவறு பட்டறையுடையது அல்ல, என்னுடையது. நான் கொடுத்த மாதிரி தேய்ந்த மாதிரி. இதை எனக்கு விளக்கியவர் எழுபதைத் தாண்டிய ஒரு டர்னர். 1898-ல் தொடங்கி 2020-ல் மூடப்பட்ட ஏ.எப்.டி. மில்லில் வேலை பார்த்தவர். ஸ்பேர் வராத மெஷினுக்கெல்லாம் அங்கே அவர்களே பாகம் செய்துகொள்வார்களாம். என் புது புஷ்ஷைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, நீ தேய்மானத்தையும் சேர்த்து நகல் எடுத்துட்ட. பழைய புஷ்ஷைப் பாக்காத. அது யார்கூடக் குடும்பம் நடத்துச்சோ அவங்களப் பாரு.”

அதாவது, புஷ்ஷின் உள்விட்டத்தைத் தீர்மானிப்பது ஷாஃப்ட். வெளிவிட்டத்தைத் தீர்மானிப்பது அது இறங்கும் துளை. இந்த இரண்டையும்தான் அளக்க வேண்டும். ஷாஃப்ட்டின் நடுப்பகுதி உரசித் தேய்ந்திருக்கலாம். சட்டத்துக்குள் அசையாமல் இருக்கும் நுனிப்பகுதி தேய்ந்திருக்காது. ஆலையிலிருந்து வந்த அளவு அந்த நுனியில்தான் பத்திரமாக இருக்கிறது. நடுவையும் நுனியையும் அளந்து ஒப்பிட்டால் ஷாஃப்ட் தேறுமா தேறாதா என்பதும் தெரிந்துவிடும். என்னுடையது தேறியது. புஷ் மெதுவான உலோகம், ஷாஃப்ட் கெட்டியான எஃகு. விலை குறைந்ததும் மாற்றச் சுலபமானதும் முதலில் தேயட்டும் என்றுதான் இப்படி வடிவமைக்கிறார்கள்.

அடுத்தது வெளிவிட்டம். புஷ் துளையைவிட ஒரு மயிரிழை பெரிதாக இருக்க வேண்டும். அழுத்தித்தான் உள்ளே இறக்க வேண்டும். அப்படி இறக்கும்போது புஷ் நெருக்கப்பட்டு உள்விட்டம் கொஞ்சம் சுருங்கும். அதனால் முதலில் இறக்கிவிட்டு, பிறகு ரீமர் ஓட்டி உள்ளளவைச் சரிசெய்ய வேண்டும். ஷாஃப்ட்டுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே கிரீஸ் படலம் நிற்க ஒரு மில்லிமீட்டரில் சில நூறில் ஒரு பங்கு இடைவெளி போதும். என் முதல் புஷ்ஷில் கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டர் இருந்தது. அரை மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் சக்கரத்தின் அச்சு அங்கிருந்து இரண்டு சாண் தள்ளி இருக்கிறது. இங்கே ஆடும் ஆட்டம் அங்கே பல மடங்காகும்.

இந்தப் பாடம் மற்ற பாகங்களுக்கும் பொருந்துகிறது. வடிவத்தை நகலெடுப்பதற்கு முன், அது என்ன வேலை செய்கிறது என்று கேட்க வேண்டும்.

பேக்கிங்கை எடுத்துக்கொள்வோம். கேஸ்கெட் ஷீட்டை கிராங்க்கேஸ் மேல் வைத்து, விளிம்போடு சின்னச் சுத்தியலால் மெல்லத் தட்டினால் வடிவம் அப்படியே பதியும், வெட்டிக்கொள்ளலாம். ஆனால் டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க்கேஸும் ஒரு பம்ப்தான். பெட்ரோலும் காற்றும் அதன் வழியாகத்தான் சிலிண்டருக்குப் போகின்றன. பேக்கிங் கசிந்தால் ஆயில் ஒழுகுவதோடு முடியாது. வெளிக்காற்று உள்ளே புகும், கலவை நீர்க்கும், சூடு ஏறும், கடைசியில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். ஆகவே தடிமனும் பழையபடி இருக்க வேண்டும், பரப்பும் சுத்தமாக இருக்க வேண்டும்.

பெட்ரோல் டேப் வாஷருக்கு சைக்கிள் டியூபை வெட்டிப் போடுவது நம்ம ஊர் வழக்கம். அளவு சரியாகவே இருக்கும். ஆனால் இயற்கை ரப்பர் பெட்ரோலில் ஊறி உப்பிவிடும். நைட்ரைல் ரப்பர் தாங்கும். 2023 முதல் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வேறு வந்துவிட்டது. பழைய ரப்பர்களுக்கு அது இன்னும் பெரிய சோதனை.

முப்பரிமாண அச்சு இயந்திரம் இருக்கிறதே என்று கேட்கலாம். நானும் அச்சிட்டுப் பார்த்தேன். வழக்கமான பி.எல்.ஏ. பிளாஸ்டிக் சுமார் 60 டிகிரி செல்சியஸில் இளகிவிடும். கடற்கரைச் சாலையில் மே மாதம் நிறுத்திய வண்டியிலேயே அது வளையும், இன்ஜின் பக்கம் வைக்க வழியே இல்லை. ஆனால் அளவு சரிதானா என்று மாட்டிப் பார்க்கும் மாதிரிக்கு அதைவிட மலிவான வழி கிடையாது.

எதைச் செய்யக்கூடாது? எனக்கு நானே வைத்துக்கொண்ட கேள்வி ஒன்றுதான்: ஓடும்போது இது உடைந்தால் வண்டி நிற்குமா, ஆள் விழுவாரா? நிற்கும் என்றால் முயற்சி செய்யலாம். விழுவார் என்றால் லேசில் தொடமாட்டேன். பிரேக், சக்கர அச்சு, ஃபோர்க், ஸ்போக் எல்லாம் இரண்டாவது வகை. சுவிங் ஆர்ம் புஷ்ஷும் அந்த வகைதான் என்பது எனக்கு ஈ.சி.ஆரில்தான் உறைத்தது. அதனால்தான் இரண்டாம் முறை தெரிந்தவர் கையில் விட்டேன்.

நியூசிலாந்தில் பர்ட் மன்ரோ என்று ஒருவர் இருந்தார். 1920-ல் வாங்கிய இந்தியன் ஸ்கவுட் வண்டிக்குப் பிஸ்டனைத் தானே வார்த்தார், கனெக்டிங் ராடைக்கூடக் கையால் அராவிச் செய்தார். 1967-ல் அமெரிக்காவின் போன்வில் உப்பு வெளியில், 1000 சிசி-க்குக் குறைந்த பிரிவில் சாதனை படைத்தார். அப்போது அவருக்கு வயது 68. எனக்குப் பிடித்தது அந்தச் சாதனையைவிட அவருடைய அலமாரி. உடைந்துபோன பிஸ்டன்களையும் ராடுகளையும் அவர் தூக்கிப் போடாமல் அதில் அடுக்கி வைத்திருந்தார்.

என் முதல் புஷ்ஷை நானும் மேசையில் வைத்திருக்கிறேன். இரண்டாவது புஷ்ஷின் அளவுகளைப் படமாக வரைந்து, எந்த இடத்தில் அளந்தோம், எந்த உலோகம், இறக்கிய பிறகு எவ்வளவு சுருங்கியது என்று எழுதி வைத்தேன். பெரியவரிடம் காட்டினேன். “இதெல்லாம் எதுக்கு தம்பி, நான்தான் இருக்கேனே” என்று சிரித்தார். பட்டறையில் அவரிடம் வேலை கற்றுக்கொள்ள இப்போது யாரும் இல்லை. போன வாரம் நோட்டோடு மறுபடி போனேன், ஷாஃப்ட்டை எப்படிச் செய்வார் என்று கேட்டு எழுதிக்கொள்ள.